கஞ்சாப் பலகாரமும் கனவான்களின் நியாயமும்

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் சட்டைப் பையிலிருந்து பளபளக்கும் தாளில் சுற்றிய உருண்டை ஒன்று கீழே விழுந்தது. கண்டிக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலை, பெயர் வேண்டாம். எள்ளுருண்டையின் அளவு, கருப்பட்டியின் நிறம், ஏலமும் கராம்பும் கலந்த மணம். மதன மோதகம். பெயரைக் கேட்டால் சதுர்த்திப் படையல் என்றே எண்ணத் தோன்றும். உள்ளே இருப்பதோ கஞ்சா. பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையொன்றில் ஒரு பால்தேநீரின் விலைக்கு வாங்கினானாம். ஏன் வாங்கினாய் என்று கேட்டபோது, "களைப்புக்கு நல்லதுன்னாங்க சேர்" என்றான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சந்தையில் மரக்கறி மூட்டை இறக்கிவிட்டு, எட்டு மணிக்கு வகுப்பில் வந்து அமர்கிற பையன் அவன். களைப்பு என்று அவன் சொன்னது பொய்யல்ல.

அன்று பிற்பகலே ஆசிரியர் கூட்டம் கூடியது. களையைப் பிடுங்காவிட்டால் பயிர் உருப்படாது என்றார் ஒருவர். பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்றார் மற்றொருவர். இறுதியில், பெற்றோரை அழைத்து விடுகைப் பத்திரத்தைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். அதுவே பெருங்கருணை என்றும் சொல்லிக்கொண்டார்கள். அக்கூட்டத்தில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுகிற உரிமை எனக்கு உண்டா என்று கேட்பவர்கள் அதனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

அதே மாதத்தில், வாவிக்கு மேலே உள்ள குன்றின் சரிவில் ஒரு வீட்டில் எனக்கு விருந்து. பேராதனையில் என்னோடு தமிழ் படித்தவள்; கணவர் வங்கியில் பெரிய பதவி. நல்லவர்கள், புத்தகம் படிப்பவர்கள், நமது ஏடுகளுக்குச் சந்தா கட்டுபவர்கள். நெய்ச்சோறும் பருப்புக் கறியும் உண்டு முடிந்தபின், வட்டிலப்பம் வந்தது. கரண்டியை எடுத்த என்னைத் தோழி கையமர்த்தினாள். "பாதி மட்டும் சாப்பிடு, இதிலே விசேஷம் இருக்கு" என்று சிரித்தாள். கஞ்சா இலையைப் பக்குவமாய்ச் சூடுகாட்டி, நெய்யிலே மெல்லிய தணலில் ஊறவைத்து வடித்து, அந்த நெய்யை வட்டிலப்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். பருப்புக்குத் தாளிக்கலாமாம், கேக்கில் போடலாமாம், பாற்சோற்றின் மேல் ஒரு கரண்டி விட்டால் சொர்க்கமாம். வாரம் முழுவதும் பட்ட பாட்டுக்குச் சனிக்கிழமை இரவில் ஓர் ஆறுதல். "வீட்டுச் சாப்பாடுதானே, சுருட்டா, சாராயமா?" என்றார் கணவர்.

நான் உண்ணவில்லை. உண்ணாததில் வீரம் ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் திருத்துவதற்கு எண்பது விடைத்தாள்கள் இருந்தன. ஆனால் அந்த மேசையில் என் முன் வைக்கப்பட்ட நியாயங்கள் வட்டிலப்பத்தை விட இனிப்பானவை. அவற்றுக்கு அன்று பதில் சொல்லாமல் வந்தேன். இப்போது சொல்கிறேன்.

முதல் நியாயம், பாரம்பரியம். கண்டி மண்ணுக்கும் கஞ்சாவுக்கும் உள்ள தொடர்பு முந்நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது என்றும், அதற்கு ரொபர்ட் நொக்ஸே சாட்சி என்றும் நண்பர் ஆர்வத்தோடு எடுத்துரைத்தார். சாட்சி உண்மைதான். ஆனால் சாட்சி என்ன சொல்கிறான் என்பதை முழுதும் கேட்க வேண்டாமா?

நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞன் 1660 இல், திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் தன் தந்தையோடும் கப்பல் ஆட்களோடும் இரண்டாம் இராசசிங்கனின் வீரர்களால் பிடிக்கப்பட்டான். மறு ஆண்டே தந்தை காய்ச்சலில் மாண்டார். பத்தொன்பது ஆண்டுகள் மகன் கண்டி இராச்சியத்தில் கைதி. சிறைக் கம்பிக்குள் அல்ல. ஊரிலே விடப்பட்ட கைதி. தொப்பி பின்னி விற்றான்; நெல்லை வட்டிக்குக் கொடுத்தான்; உடுநுவரைப் பக்கம் எலதெத்தையில் நிலமும் வாங்கினான். சரக்குகளைச் சுமந்து வடக்கே வரண்ட நாட்டு ஊர்களுக்கு நடந்தான். வியாபாரம் வெளித்தோற்றம், தப்பும் வழியைக் கண்டறிவதே உள்நோக்கம். அங்கே மாடு கலக்கிய குளத்து நீரைக் குடிக்க நேர்ந்தது. குடித்தபோதெல்லாம் நடுக்கு காய்ச்சல். அப்போதுதான் அவனும் தோழனும் ஒரு மாற்று மருந்தைக் கற்றார்கள்: காய்ந்த கஞ்சா இலையை இடித்துத் தூளாக்கி, நாட்டுக் கருப்பட்டியோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்பது. தலை கிறுகிறுக்கும், வேறு தொந்தரவு இல்லை என்று எழுதுகிறான். 1679 இல் அவனும் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழனும் காடு வழியே நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். 1681 இல் இலண்டனில் நூல் வெளிவந்தது. நொக்ஸின் நண்பரான ரொபர்ட் ஹூக் என்ற பெரும் விஞ்ஞானி 1689 இல் அரச கழகத்தார் முன்னிலையில் இந்தச் செடியைப் பற்றி ஓர் உரையே நிகழ்த்தினார்.

இந்த வரலாற்றில் விருந்து எங்கே? சனிக்கிழமை எங்கே? தந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன், தானும் அவ்வாறே மடியக் கூடாதே என்ற அச்சத்தில், கிடைத்த மருந்தை விழுங்கினான். காய்ச்சலை வென்றது அந்த இலையா, அவனுடைய வயதும் உடலுமா என்பதை இன்றைய மருத்துவரைக் கேட்டால் புன்னகைப்பார். ஒன்று மட்டும் உறுதி: அவன் மயங்கிக் கிடப்பதற்காக உண்ணவில்லை, எழுந்து நடப்பதற்காக உண்டான். போகட்டும், அந்த இலையின் குணத்தை அவனுக்கு முன்பே அறிந்து வைத்திருந்த இந்த மண்ணின் மக்களில் ஒருவருக்காவது வரலாற்றில் பெயர் உண்டா? நூல் எழுதியவன் நொக்ஸ். சபையில் பேசியவர் ஹூக். அறிவைக் கொடுத்தவன் பெயரற்றவன். இது வேறு கதை. ஆனால் முடிந்துபோன கதையல்ல என்பதைப் பின்னால் காண்போம்.

ஆயுர்வேதத்தின் சாட்சியமும் இப்படித்தான். வடநூல்களில் கஞ்சாவுக்கு விஜயா என்று பெயர். நம் சித்தர் மரபில் சிவமூலி. திரிகடுகம், திரிபலை முதலிய பல சரக்குகளோடும் நெய்யோடும் தேனோடும் சேர்த்துக் கிண்டிய மதன மோதகம் வைத்தியனின் பெட்டிக்குரிய பண்டம். அதற்கு அளவு உண்டு, வேளை உண்டு, பத்தியம் உண்டு. யாருக்குக் கொடுக்கலாகாது என்ற விதியும் உண்டு. இன்றும் 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற வைத்தியர் மருந்துக்கு வேண்டிய கஞ்சாவை அரச திணைக்களத்தின் வழியாகவே பெற இயலும். வைத்தியரைத் தெய்வமாக்குவது என் நோக்கமல்ல. மரபின் பெயரால் கண்டதையும் விற்ற வைத்தியர்களையும் நாம் அறிவோம். நான் சொல்வது இவ்வளவே: பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் ஒளித்து விற்கும் உருண்டைக்கும் அந்த மரபுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. தோழியின் வட்டிலப்பத்துக்கும் இல்லை. பத்தியத்தைக் கழித்துவிட்டுப் பாரம்பரியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிற இந்தக் கெட்டிக்காரத்தனம் படித்தவர்களுக்கே கைவந்த கலை.

பாரதியையும் இழுத்தார்கள். மகாகவிக்கு அந்தப் பழக்கம் இருந்ததை அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் மறைக்கவில்லை. ஆனால் கஞ்சாவா அவரைக் கவிஞனாக்கியது? அப்படியானால் கோயில் வாசல்களில் சிலும்பியோடு அமர்ந்திருப்போர் அனைவரும் மகாகவிகளாகியிருக்க வேண்டுமே! முப்பத்தெட்டு வயதில், 1921 இல், வறுமை தின்ற உடலோடு போன ஒருவரின் பலவீனத்தைத் தமது தேநீர் மேசைக்கு அலங்காரமாக வைப்பது எவ்வகை இலக்கிய ரசனை என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது நியாயம் விஞ்ஞானம். புகைத்தால்தான் கெடுதி, உண்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பது சரி. ஆகவே உணவு தீங்கற்றது என்பது எந்தத் தருக்கம்? பச்சை இலையில் உள்ள பொருள் சூடு பட்டபின்பே மயக்கும் தன்மை பெறுகிறது. அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எனவேதான் நெய்யும் தேங்காய்ப்பாலும். புகையாக உள்ளே போனால் சில நிமிடங்களில் தலைக்கேறும். ஆகவே போதும் என்று நிறுத்த முடியும். உண்டாலோ அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. வயிற்றிலிருந்து ஈரலுக்குச் செல்கிறது. ஈரல் அதனை மேலும் வீரியமான வேறொரு பொருளாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. இதற்கிடையில் உண்டவர், "என்ன, ஒன்றும் செய்யவில்லையே" என்று இன்னொரு துண்டை எடுக்கிறார். பின்னர் இரண்டும் சேர்ந்து வருகின்றன. ஆறு மணி, எட்டு மணி நேரம் விடுவதில்லை. நெஞ்சு படபடக்கும், அச்சம் பிடித்தாட்டும், சிலருக்கு மனம் பேதலிக்கும்.

இது பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 இல் கஞ்சாக் கடைகள் திறந்தபோது, நியூயோர்க் டைம்ஸின் புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர் மோரீன் டவுட் டென்வர் நகர விடுதி அறையில் கஞ்சா இனிப்பைத் தின்றுவிட்டு, தாம் இறந்துவிட்டதாகவே எண்ணி இரவெல்லாம் நடுங்கிக் கிடந்ததை அவரே எழுதினார். உண்ணும் கஞ்சாவைக் கனடா 2019 ஒக்டோபரில் அனுமதித்தபோது, ஒரு பொதிக்குப் பத்து மில்லிகிராம் என்று மயக்கப் பொருளுக்கு எல்லை வகுத்தது. குழந்தைகள் திறக்க முடியாத உறை வேண்டும் என்றது. அவ்வளவு காவலும் செய்த நாட்டிலேயே, மிட்டாய் என்று எண்ணி எடுத்துத் தின்ற சின்னஞ்சிறு பிள்ளைகள் வைத்தியசாலைக்கு வருவது அதிகரித்தது. தாய்லாந்து 2022 இல் கதவைத் திறந்தது. கடைத்தெரு முழுவதும் கஞ்சாப் பானமும் பிஸ்கற்றும் பெருகிய பின்னர் 2025 இல் வைத்தியரின் சீட்டு வேண்டும் என்று மீண்டும் பாதி கதவைச் சாத்தியது.

குன்றின் மேல் உள்ள வீட்டில் எல்லை எது? உறை எது? மிஞ்சிய வட்டிலப்பத்தைத் தோழி ஒரு பழைய பிஸ்கற் தகரத்தில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்தாள். அந்தக் குளிர்பெட்டியைத் தினமும் துடைப்பவள் ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து வேலை செய்யும் பெண். மிஞ்சிய பலகாரத்தை அவள் தன் பிள்ளைகளுக்குக் கொண்டுபோவது அந்த வீட்டு வழக்கம். "இதை அவள் எடுக்க மாட்டாளா?" என்று கேட்டேன். "சொல்லி வைக்கணும்" என்றாள் தோழி. அதுவரை சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? என்னவென்று சொல்வாள்?

இனி மூன்றாவது நியாயம். "என் வீடு, என் அடுப்பு, என் வாய். அரசுக்கு இங்கே என்ன வேலை?" மூன்றிலும் பலமானது இதுதான், உண்மையில் நானும் இதில் பாதிக்கு உடன்படுகிறேன். வயது வந்த ஒருவர் தம் வீட்டில் எதை உண்கிறார் என்று பார்க்கப் பொலிஸ்காரன் அடுப்படிக்குள் நுழைவதை நான் விரும்பவில்லை. ஆனால் கேட்கிறேன்: யாருடைய வீடு? குன்றின் மேல் உள்ள வீட்டுக்கு மதில் உண்டு, வாயிற்கதவு உண்டு, வங்கி அதிகாரியின் பெயர்ப்பலகை உண்டு. பத்தடி அறையும் ஒரு தாழ்வாரமுமாக உள்ள லயத்துக்கு எந்த மதில்? ஒரு வீட்டில் தாளித்தால் பத்து வீட்டுக்கு மணக்கும் இடத்தில் 'என் அடுப்பு' என்ற உரிமை எவருக்கு இருக்கிறது? நண்பர் கேட்கும் சுதந்திரம் அவருக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. சட்டம் அதனை எழுதிக் கொடுக்கவில்லை. வர்க்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது.

சட்டத்தின் பிறப்பையும் பார்ப்போம். இந்தியாவில் வெள்ளையர் அரசு 1893 இல் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அது ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவான உபயோகத்தால் பெருந்தீங்கில்லை, முழுத்தடை வேண்டாம், வரி போடலாம் என்று மறு ஆண்டு அறிக்கை தந்தது. மக்கள் மீது கொண்ட பரிவா? கஜானா மீது கொண்ட பரிவு. 1925 இல் ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவைத் தன் பட்டியலில் சேர்த்தது. இலங்கையில் 1929 இல் நச்சுப் பொருள், அபின், ஆபத்தான ஓளடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. அதே ஆட்சியின் வருமானத்தில் சாராயக் குத்தகை ஓர் ஊற்று! தோட்டத்துக்குப் போகும் வழிதோறும் தவறணை. சம்பளப் பணம் தொழிலாளியின் கையிலிருந்து நேரே அங்கே. ஒரு மயக்கம் அரசாங்கத்தின் வருமானம், மற்றொரு மயக்கம் குற்றம். எது எது என்று தீர்மானித்தவன் குடித்தவனும் அல்ல, உண்டவனும் அல்ல. இந்தியா 1985 இல் இயற்றிய சட்டத்தில் கஞ்சாச் செடியின் இலையை வரைவிலக்கணத்திலிருந்து விலக்கி, சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் பாங்கு அரைப்பவர்களுக்கு வழி விட்டது. அங்கே சில மாநிலங்களில் அரச அனுமதி பெற்ற பாங்குக் கடைகளே உண்டு. ஒரே இலை, அங்கே பிரசாதம், இங்கே விலங்கு.

விலங்கு யாருக்கு என்பதை 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் தொடங்கிய வேட்டை காட்டியது. சில வாரங்களுக்குள் பல்லாயிரவர் பிடிபட்டனர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதனை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கேட்க வேண்டிய நிலை வந்தது. பிடிபட்டவர்களில் வாவிக்கரைக் குன்றுகளில் குடியிருப்போர் எத்தனை பேர்? எங்கள் நகரின் போகம்பரைச் சிறை 2014 இல் மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கட்டடம் மாறியது; உள்ளே போகிறவர்கள் மாறவில்லை.

மற்றொரு புறம் பாருங்கள். 2022 நவம்பரில் வரவு செலவுத் திட்ட உரையிலேயே ஏற்றுமதிக்குக் கஞ்சா பயிரிடுவது பற்றி ஆராயக் குழு அமைப்போம் என்றார் அப்போதைய ஜனாதிபதி. 2025 இல் ஆட்சி மாறியிருந்தது, கொள்கை மாறவில்லை. மீரிகமையில் பயிரிட்டு ஏற்றுமதி செய்ய ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு இசைவு அளிக்கப்பட்டது. வேலி போட்ட நிலத்தில் வெளிநாட்டு மூலதனம் வளர்த்தால் அது மூலிகை, அந்நியச் செலாவணி, அபிவிருத்தி. சந்தையில் மூட்டை இறக்கும் பையனின் சட்டைப் பையில் இருந்தால் அது களை. நொக்ஸின் காலத்தில் அறிவு கப்பலேறியது. இன்று இலையே ஏறப்போகிறது. ஏலத்துக்கும் தேயிலைக்கும் நேர்ந்ததை அறிந்த மலையகத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் அணியிலும் சிலர், கஞ்சா போராட்ட உணர்வை மழுங்கடிக்கும், ஆகவே கடுந்தண்டனை வேண்டும் என்று மேடையில் முழங்குகிறார்கள். தொழிற்சங்கக் கூட்டம் முடிந்தபின் திறக்கப்படும் போத்தல்களைப் பற்றி இவர்கள் முழங்கியதை நான் கேட்டதில்லை. மக்களைச் சிறைக்கு அனுப்பி அவர்களது உணர்வைக் கூர்மைப்படுத்தலாம் என்று எந்தச் சித்தாந்தம் சொல்கிறது?

களைப்புக்கு வருவோம். 1000 ரூபா நாட்சம்பளத்துக்காகத் தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடினர். அது 2021 இல் வர்த்தமானியில் ஏறியது. மறு ஆண்டே விலைவாசி அதனைத் தின்று தீர்த்தது. அந்த ஆண்டுதான் என் மாணவன் சந்தைக்குப் போகத் தொடங்கினான். தோழியின் களைப்பும் களைப்புத்தான். அதை நான் இகழவில்லை. ஆனால் ஓய்வு தேவைப்படும் உடலுக்கு மயக்கத்தைப் பரிமாறிவிட்டு அதற்கு ஆறுதல் என்று பெயரிடுவதை ஒப்ப முடியாது. நன்கு உறங்கிய பையனுக்கு மோதகம் எதற்கு? உருண்டையைப் பிடித்தோம், நான்கு மணி மூட்டையை ஏன் எவரும் பிடிக்கவில்லை?

இவ்வளவும் சொல்வதால் நான் எதைக் கேட்கிறேன்? பிள்ளைகளுக்கு விற்பவனைப் பிடியுங்கள். அவனுக்குப் பின்னால் கிண்டுபவனையும் பிடியுங்கள். வாங்கிய பிள்ளையை வகுப்பிலிருந்து துரத்தாதீர்கள். வைத்தியரிடமோ ஆலோசகரிடமோ அனுப்புங்கள். வளர்ந்தவர் தமக்கென வைத்திருக்கும் சிறு அளவுக்குச் சிறை வேண்டாம் என்று சட்டத்தைத் திருத்தக் கேளுங்கள். வெளிப்படையாய், பெயர் போட்டுக் கேளுங்கள். மதிலுக்குள் வட்டிலப்பம் உண்டுவிட்டு, மறுநாள் ஆசிரியர் கூட்டத்திலும் வங்கியிலும் ஒழுக்கம் பேசும் இரட்டை வாழ்க்கையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சென்ற ஞாயிறு அந்தப் பையனின் லயத்துக்குப் போனேன். அவன் சந்தையில் இருந்தான். இப்போது முழுநாள் வேலை. தாய் மட்டும் இருந்தார். ஏனத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "டீச்சரம்மா, அவன் கெட்ட புள்ள இல்லீங்க. பரீட்சைய மட்டுமாச்சும் எழுத விட மாட்டாங்களா?" என்றார். அவனைத் திரும்பச் சேர்க்குமாறு அதிபருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். அன்று கூட்டத்தில் இருந்த ஆசிரியர் மூவர் கையொப்பமிட்டுள்ளனர். ஊரிலே மதிப்புள்ளவர்கள் சிலரும் ஒப்பமிட்டால் பயன்படும் என்று தோழியின் வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை விருந்துக்கு வரும்படி பதில் வந்தது. விண்ணப்பத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.